மேலங்கி இல்லாத மற்போரில் கைமுக்கோணப் பிடி

படைக்கலம் ஏதுமின்றி ஒருவரை ஒருவர் அடக்கும் கலை பல நாடுகளிலும் பழைமை வாய்ந்தது. அக்கலையின் வரலாற்றில், எதிரியின் கையையே அவன் கழுத்துக்குச் சுருக்காக்கும் பிடியொன்று வளர்ந்த முறை ஆராயத்தக்கது.

1882 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் ஜிகோரோ கானோ, தோக்கியோவில் எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில் கோடோகன் பள்ளியை நிறுவினார். பழைய ஜுஜுட்சு முறைகளிற் கேடு மிக்கவற்றை விலக்கி, யூடோ என்னும் கலையை அவர் வகுத்தார். யூடோ வீரர் தடித்த மேலங்கி அணிவர். அதன் கழுத்துப்பட்டியே நெரிக்குங் கயிறாக உதவும். அங்கியின் துணை வேண்டாத பிடிகளும் அப்பள்ளியில் இருந்தன. அவற்றுள் ஒன்று 'கத்தா-கத்தாமே', அதாவது தோட்பிடி. எதிரியின் கழுத்தையும் ஒரு கையையும் ஒருங்கே அணைத்து இறுக்குவது அது. எனினும் கோடோகன் அதனை நெரிபிடிகளோடு சேர்க்காது, எதிரியை நிலத்தில் அழுத்தி வைக்கும் பிடிகளுள் ஒன்றாகவே வைத்தது.

1914 ஆம் ஆண்டில் மிட்சுயோ மயேதா என்னும் யூடோ வீரர் பிறேசில் நாட்டை அடைந்தார். அவர் வழிவந்த கலையைக் கிறேசி குடும்பத்தார் நிலப்போரிற் சிறந்த தனிமுறையாக வளர்த்தனர். அங்கும் மேலங்கியே பயிற்சியின் அடிப்படையாக நின்றது.

மேலைநாட்டு மற்போரிலோ அங்கி இல்லை. கால்களைப் பற்றக் குனிந்து பாயும் எதிரியின் தலையைத் தன் மார்பின்கீழ் அடக்கும் முன்கழுத்துப் பிடி அங்கு பெருவழக்காயிற்று. கழுத்தை நெரித்தலை மற்போர் விதிகள் தடுத்தன. தலையை மட்டும் இரு கைகளாலும் பூட்டலாகாது. எதிரியின் ஒரு கையும் அப்பூட்டினுள் அகப்பட வேண்டும் என்பது விதி. கழுத்துக்குக் காவலாகவே அக்கை சேர்க்கப்பட்டது.

இவ்விரு மரபுகளும் சந்திக்கும் பெருங்களங்களுள் ஒன்று அபுதாபியில் அமைந்தது. ஷெய்க் தஹ்னூன் பின் சாயித்தின் முயற்சியால் 1998 ஆம் ஆண்டில் அங்கு தொடங்கிய போட்டிகளில், மற்போர் வீரரும் யூடோ, ஜியு-ஜிட்சு வீரரும் ஒரே விதியின்கீழ்ப் பொருதனர். நெரித்தல் அங்கு தடையன்று. பற்றுதற்குக் கழுத்துப்பட்டி இல்லாதவிடத்து எதிரியின் தோளே அதற்கு ஈடாயிற்று. காவலாக வந்த கை சுருக்காக மாறியது.

முன்கழுத்துப் பிடியிலிருந்து பிறக்கும் இத்தகைய நெரிபிடிகளுள் இரண்டு புகழ்பெற்றவை. 'அனகொண்டா' பிடியில் வீரனின் கை எதிரியின் கழுத்தைச் சுற்றி அக்குளின் வழியே வெளிவரும். அமெரிக்க வீரர் ஜோ டார்ஸின் பெயரைத் தாங்கிய பிடியில், கை அக்குளின் வழியே புகுந்து கழுத்துப்புறம் வெளிவரும். 2004 ஆம் ஆண்டில் யப்பானில் நிகழ்ந்த 'பிரைட்' போட்டியிற் பிறேசில் வீரர் நொகேய்றா, யொகோயி என்பவரை அனகொண்டா பிடியால் வென்றமை அதன் புகழைப் பரப்பிற்று.

இரு பிடிகளிலும் புகுந்த கை மறுகையின் புயத்தைப் பற்றும். ஆயினும் புயவலிமை மட்டும் போதாது. அதனையே நம்பியவன் விரைவிற் சோர்வான். எதிரியின் கையை அவன் மார்புக்குக் குறுக்கே தள்ளி, தோளுக்கும் கழுத்துக்கும் இடையே வெளி எஞ்சாதவாறு செய்தலே முடிவு காணும் வழி. அனகொண்டா பிடியிட்டவன் உருண்டு பக்கவாட்டில் விழுந்து, எதிரியின் கால்களை நோக்கித் தன் இடுப்பை நகர்த்துவான். அப்பொழுது கழுத்தின் ஒரு புறத்து இரத்தக்குழாயை எதிரியின் தோளும், மறுபுறத்ததை வீரனின் கையும் அழுத்தும். மூச்சுக்குழல் நசுங்காமலே, சுமார் 10 வினாடிகளில் உணர்வு நீங்கிவிடும்.

ஆதலின் இப்பிடியின் வரலாறு பொறுப்பின் வரலாறுமாகும். அகப்பட்டவனுக்கு எஞ்சிய ஒரு கையால் தட்டிச் சரணடையும் உரிமை உண்டு; தட்டியவுடன் பிடியை விடுதல் வென்றவனின் கடன். உணர்விழந்தவனாலோ தட்டவும் இயலாது. அவ்வேளையில், தளர்ந்த உடலை உணர்ந்து விடுபவனின் விழிப்பும் நடுவரின் கண்ணுமே அவன் உயிருக்குக் காவல். மற்போர் விதி அன்று ஒரு கையிடம் ஒப்படைத்த காவலை, இன்று பிடித்திருப்பவனின் மனமே ஏற்க வேண்டியுள்ளது.