மூங்கிலும் கோலியும்

கொல்லிமலையின் 70 வளைவுகளையும் கடந்து செம்மேட்டில் இறங்கியபோது எனக்குத் தலை சுற்றிற்று. சோடா கேட்டேன். கடைக்காரர் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். "பார்த்துக் குடிங்க, மூக்கில ஏறும்" என்றார். ஏறிற்று.

ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872ல் உரிமைப் பதிவு செய்த புட்டி அது. வெளியே ஓடப் பார்க்கும் வாயுவே கோலியைக் கழுத்தில் அழுத்தி வழியை அடைக்கிறது. திருடனையே காவலுக்கு வைத்த யுக்தி!

சோடாவுக்கு யந்திரம் உண்டு. வீட்டில் செய்யும் பீருக்கு ஏது? அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள். மிஞ்சியிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவைக் கக்கும். லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை என்றால் சுமார் 3 கிராம் வாயு. குறைந்தால் ஆறிய கஷாயம், கூடினால் வெடிகுண்டு. நுரைத்து அடங்குமுன் அவசரப்பட்டு அடைத்தாலும் அதே கதிதான். இங்கிலாந்தில் 1963 முதல் வீட்டுப் பீருக்கு லைசென்ஸ் வேண்டாம். அங்கே இருக்கும் என் தங்கை மகன் செய்து பார்த்தான். "மாமா, நடுராத்திரியில் மூணு பாட்டில் வெடிச்சுது" என்று டெலிபோனில் அலறினான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். சர்க்கரை சேர்த்தால் மது நுரைக்கும் என்று லண்டன் ராயல் சங்கத்தில் கிறிஸ்டபர் மெர்ரெட் சொன்னது 1662ல். அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஷாம்பேன் நிலவறைகளில் புட்டிகள் வெடித்தன. வேலையாட்கள் இரும்பு முகமூடி அணிந்து நடமாடினார்கள். 1830களில் ஷாலோன் நகரத்து மருந்துக் கடைக்காரர் ஃபிரான்ஸ்வா, மதுவில் மிஞ்சிய சர்க்கரையை அளந்து, இன்னும் எவ்வளவு சேர்க்கலாம் என்று கணக்குச் சொன்ன பிறகே உடைசல் குறைந்தது.

நம்மவர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் களியை ஆற்றி, முளையரிசி மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயுள்ள சாடியில் விளைய விடுகிறார்கள். திருமுருகாற்றுப்படையின் மலைக் கானவர்களுக்கோ மூங்கில்தான் சாடி. அதில் விளைந்த தேன்கள்ளைக் குடித்துக் குரவையாடுகிறார்கள். மூங்கில் வெடிக்கவில்லையா? இறுக்கி அடைத்திருக்க மாட்டார்கள், வாயு கசிந்து போயிருக்கும் என்பது என் ஊகம். தெளிவையும் விளைச்சலையும் பாராட்டிய புலவர்கள் மூக்கில் ஏறியதாகப் பாடவில்லையே!

வல்வில் ஓரியின் இந்த மலையில் மூங்கிலும் உண்டு, தேனும் உண்டு. செய்து பார்க்கத்தான் வழியில்லை. ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில், 1937 அக்டோபர் 1ந் தேதி. கொல்லிமலை அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. பிறகு சர்க்காரே கடை திறந்துவிட்டது. வீட்டில் காய்ச்சினால் மட்டும் இன்றும் குற்றம்.

இன்னொரு சோடா வாங்கிக்கொண்டேன்.