கதிர்காமன்

கதிர்காமன் என்பது, இலங்கையின் ஊவா மாகாணத்து மொனராகலை மாவட்டத்தில், மாணிக்க கங்கைக் கரையில் கோயில்கொண்ட முருகப்பெருமானின் ஸ்தலமாகிய கதிர்காமத்தின் பெயரினின்றும் பிறந்த ஆண்பாற் பெயராகும். 15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் திருப்புகழிற் பாடிய அந்த க்ஷேத்திரம், பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களுக்கு அணித்தான பெருந்தலமாய் இருந்தும், ஆடித் திருவிழாவுக்கு அத்தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக யாத்திரை செய்துவந்தும், தம் ஆண்மக்களுக்கு இப்பெயரை அவர்கள் அருமையாகவே இட்டனர் என்பது விசித்திரந்தான். திருச்சி, மதுரை, சேலம் ஜில்லாக்களிலிருந்து கோப்பிக் காலத்திலும் பின்பு தேயிலைக் காலத்திலும் கங்காணிமாரோடு வந்தவர்கள், குலதெய்வத்தையும் பாட்டன் பெயரையும் கூடவே கொண்டுவந்தமையால், லயத்துப் பிள்ளைகள் பழனியாண்டி, முத்துசாமி, கருப்பையா என்றே வளர்ந்தனர். கடலுக்கு அப்பாலுள்ள பழனி பெயரில் நின்றது, மலைக்குக் கீழேயுள்ள கதிர்காமம் காவடியில் நின்றது. கதிர் என்னும் சொல்லை விரும்பியோரும் கதிர்வேல், கதிரேசன் என்பவற்றோடு திருப்தியடைந்தனர்.

இப்பெயரின் பின்பாதியும் அதன் அருமைக்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். மாசி மாதத்தில் தப்பு முழங்க, மன்மதன் எரிந்து விழ, ரதி புலம்பும் காமன் கூத்து மலையகத் தோட்டங்களின் தலையாய கூத்தாகும். வேலைக்கு ஆள்பிரிக்கையில் நீண்ட பெயர்களைக் குறுக்கியே கூப்பிடும் பெரட்டுக்களத்தில், “காமா” என்று அழைக்கப்படும் பையன் கேலிக்குத் தப்புவது கடினம்.

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலுமோ கதிர்காமர், கதிர்காமநாதன், கதிர்காமத்தம்பி என்னும் வடிவங்கள் முன்னாளில் நன்கு வழங்கின. வெளிநாட்டமைச்சராயிருந்து 2005 ஆகஸ்டில் கொலையுண்ட லக்ஷ்மன் கதிர்காமர், கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தும் இம்முருகத்தலத்தின் பெயரையே குடும்பப் பெயராகத் தாங்கினார். அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவலில் கதாநாயகனாக வரும் கதிராமனின் பெயரை இதன் குறுகலென்று கொள்ளலாம். தமிழ்நாட்டில் தேனிப் பகுதியில் கதிர்காமு என்று வழங்குகிறது.

உச்சரிப்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலிலுள்ள ககரம் வல்லோசையாகவே நிற்க, இடையிலுள்ள தகரம் இரு உயிர்களுக்கு நடுவே மெலிகிறது. ரகர ஒற்றை அடுத்த ககரமும் பேச்சில் அவ்வாறே தளர்ந்து ஒலிக்கிறது. தமிழ் அறிந்தவனுக்கு இது தானாக வரும், எழுத்தும் ஒன்றே. ஆனால் சிங்கள லிபியில் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் வெவ்வேறு எழுத்துக்கள் உள்ளமையால், பெயரைப் பதிபவர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். சிங்கள அயலார் அத்தலத்தைக் கதரகம என்பர். மகாவம்சம் கஜரகாமம் என்கிறது. ஆகவே பழகிய அந்த ஒலி பெயருக்குள்ளும் புகுந்துவிட இடமுண்டு. ஆங்கிலத்திலும், லக்ஷ்மன் கதிர்காமர் தம் பெயரை மெல்லோசைப்படி எழுத, வேறு சிலர் தமிழெழுத்தின்படி வல்லோசையாகவே எழுதுகின்றனர்.

இது வெறும் இலக்கண விசாரமன்று. பிரஜாவுரிமைக்காக 1948 முதல் 2003 வரை பத்திரங்களோடு போராட நேர்ந்த தோட்டத்துச் சமூகத்தில், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் பெயர் நிற்பது, பரீட்சைக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கும் அலைச்சலையே தரும். இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பெயர்களை நாடும் இக்காலத்தில் இப்பழம்பெயரைத் துணிந்து சூட்டும் பெற்றோர், பதிவாளரிடம் வாயாற் சொல்லி நிறுத்தாமல், மூன்று மொழி வடிவங்களையும் தாளில் எழுதிக் கொடுத்து, பத்திரம் கைக்கு வந்ததும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக்கொள்வார்களாக.