கிட்டங்கிப் பெட்டியிலிருந்து படிவம் நான்கு வரை

படிவம் நான்கில் கணக்கியல் பாடம் எடுக்கும் மாணவர் முதலில் கற்றுக்கொள்வது ஒரு விதியை. எந்தக் கொடுக்கல் வாங்கலும் இரண்டு இடங்களில் எழுதப்பட வேண்டும். ஒன்றில் பற்று என்றால் இன்னொன்றில் வரவு. இந்த இரட்டைப் பதிவு முறையை 1494-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சான தமது நூலில் விளக்கி எழுதியவர் லூக்கா பாச்சோலி என்ற இத்தாலியத் துறவி. ஆனால், மலாயாவுக்குக் கணக்கேடு ஐரோப்பியர் கப்பலில் மட்டும் வந்து சேரவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நாட்டுக்கோட்டை நகரத்தார்களின் மரப்பெட்டிக்குள்ளும் அது வந்தது.

19-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலும், பினாங்கிலும், பின்னர் கோலாலம்பூர் அம்பாங் வீதியிலும் நகரத்தார் கிட்டங்கிகள் எழுந்தன. கிட்டங்கி என்பது நீண்ட ஒரு கூடம். ஒரே கூரையின் கீழ் பல கடைகள். ஒரு கடை என்பது ஒரு பாய், ஒரு மேசைப்பெட்டி, சில ஏடுகள், அவ்வளவுதான். அந்தப் பெட்டியின் அருகில் ஒரு சிறுவன் உட்கார்ந்திருப்பான். பெட்டியடிப் பையன் என்று அவனுக்குப் பெயர். எடுபிடி வேலை செய்துகொண்டே அவன் கணக்குப் படித்தான். தேறினால் அடுத்தாள் ஆவான், பிறகு மேலாள். ப. சிங்காரத்தின் நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்தப் படிக்கட்டு நன்றாகவே தெரியும். அவரே இளம் வயதில் சுமத்திராவின் மேடான் நகருக்கு வேலைக்குப் போனவர்தானே!

அந்தப் பையனுக்குப் பாடத்திட்டம் என்று அச்சிட்ட எதுவும் கிடையாது. ஆனால் பாடம் கடுமையானது. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் 320-இல் ஒன்று. இவற்றை வாயாலேயே பெருக்கிக் கூட்ட வேண்டும். அன்றைய வரவு செலவு குறிப்பேட்டில் ஏறி, அங்கிருந்து பேரேட்டில் ஆள்வாரியாகப் பிரிந்து, முடிவில் ஐந்தொகையாக நேராக வேண்டும். செட்டிநாட்டில் இருக்கும் முதலாளி கடையை நேரில் பார்ப்பதில்லை. கணக்கைத்தான் பார்க்கிறார். இன்று வணிகப் பட்டதாரிகள் படிக்கும் கிளை நிறுவனக் கணக்கு வேறென்ன?

இவ்வளவு தேர்ந்த கல்வி யாருக்குக் கிடைத்தது? பெரும்பாலும் அந்தச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும், அவர்களை அண்டியிருந்த சிலருக்கும் மட்டுமே. அதே காலத்தில், அதே நாட்டில், அதே மொழி பேசிய பல்லாயிரம் பேர் பால்மரக் காட்டில் இருந்தார்கள். அவர்கள் கணக்கு கிராணியின் செக்ரோல் புத்தகத்தில் இருந்தது. எத்தனை நாள் பேர் விழுந்தது, அரிசிக்கு எவ்வளவு பிடித்தார்கள், முன்பணம் எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் அவர் எழுதியதுதான். படிக்கத் தெரியாத தொழிலாளி கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கினார். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது உண்மை. ஆனால் அந்தப் பள்ளி எழுத்தையும் சிறு கணக்கையும் தாண்டிப் போவது அரிது. வட்டி எப்படி ஏறுகிறது என்பதைக் கிட்டங்கிப் பையன் பத்து வயதில் அறிந்தான். கடன் வாங்கியவர் கடைசி வரை அறியவில்லை.

பட்டணத்து ஆங்கிலப் பள்ளிகளின் பக்கம் வேறு ஒரு வழி திறந்திருந்தது. சுருக்கெழுத்து, தட்டச்சு, புத்தகக் கணக்கு ஆகியவற்றைப் படித்து, லண்டன் வணிகச் சங்கத்தின் தேர்வில் தேறினால் ஏதாவது ஓர் அலுவலகத்தில் நாற்காலி கிடைக்கும். மாலை வகுப்புகளில் இதற்காகப் பணம் கட்டிப் படித்தவர்கள் ஏராளம். ஆனால், இது குமாஸ்தாவை உருவாக்கும் கல்வி என்ற முத்திரை அப்போதே விழுந்துவிட்டது. அந்த முத்திரை எளிதில் அழியவில்லை.

பொதுப் பள்ளியில் வணிகம் எல்லாருக்கும் எட்டும் தூரத்தில் வந்தது 1965-இல்தான். அதற்கு முந்திய ஆண்டு வரை ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு தேர்வு இருந்தது. அதில் தேறாதவர்களுக்கு இடைநிலைப்பள்ளிக் கதவு அடைபட்டது. 1964-இல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டது. மறு ஆண்டில் தொடங்கிய பல்துறைக் கல்வித் திட்டத்தில் படிவம் ஒன்று முதல் மூன்று வரை தொழிற்கலை, விவசாய அறிவியல், வாணிபம், இல்லப் பொருளியல் என்ற நான்கில் ஒன்றை மாணவர் படிக்க வேண்டும் என்றானது. தமிழ்ப்பள்ளியில் படித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டு மலாயோ ஆங்கிலமோ பழகி, படிவம் ஒன்றுக்கு வந்த தோட்டத்துப் பிள்ளையின் கைக்கும் பேரேடு வந்தது. செக்ரோலில் பெயர் மட்டுமே இருந்த ஒரு குடும்பத்துக்கு இது சின்ன மாற்றமல்ல.

அடுத்து நடந்தது விந்தை. 1967-இல் கணக்காளர் சட்டம் நிறைவேறி, மலேசியக் கணக்காளர் கழகம் பிறந்தது. கணக்கு என்பது மருத்துவம், வழக்கறிஞர் தொழில் போலச் சட்டம் காக்கும் தொழிலாகிவிட்டது. அதே 1967-இல்தான் உயர்கல்வித் திட்டக் குழு, மேல்நிலை மாணவர்களில் 60 விழுக்காட்டினர் அறிவியலும் 40 விழுக்காட்டினர் கலையும் படிக்க வேண்டும் என்ற அளவைக் கூறியது. நாட்டுக்குப் பொறியாளர்கள் தேவைப்பட்டார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பள்ளியில் அது எப்படி வந்து இறங்கியது? எல்.சி.இ., பின்னர் எஸ்.ஆர்.பி. முடிவைப் பார்த்து நல்ல புள்ளி எடுத்தவர் அறிவியல் வகுப்புக்கு. எஞ்சியவர் கலைப் பிரிவுக்கு. கணக்கியலும் பொருளியலும் விரும்பி எடுக்கும் பாடங்களாக அல்லாமல், தள்ளிவிடப்பட்டவர்கள் உட்காரும் இடமாகப் பல பெற்றோர் கண்ணுக்குத் தெரிந்தன. "பிள்ளைக்கு சயன்ஸ் கிடைக்கவில்லை" என்று தாழ்ந்த குரலில் சொன்ன வீடுகள் எத்தனை! பட்டயக் கணக்காளர் ஆகக்கூடிய பிள்ளையைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார்கள்.

1980-இல் தீபகற்ப மலேசியாவில் படிவம் ஐந்து வரை மலாய் போதனா மொழியானபோது, லெட்ஜர் லெஜாராயிற்று. ஐந்தொகை குஞ்சி கிரா-கிரா ஆயிற்று. வணிகப் பாடநூலில் மூலதனத்தைக் குறிக்கும் மோடால் என்ற சொல் தமிழின் 'முதல்' என்பதிலிருந்து வந்தது என்பது சொல்லாய்வாளர் கருத்து. கடை கெடாய் ஆனதும் பெட்டி பெத்தி ஆனதும் அப்படித்தான். இவை நகரத்தார்களுக்கும் முற்பட்ட வணிகர் காலத்துச் சொற்கள். ஆனால் கணக்குப் புத்தகத்தில் அவற்றைத் திரும்பப் படித்த தமிழ்ப் பிள்ளைக்கு அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

1989-இல் புதிய இடைநிலைக் கலைத்திட்டம் வந்தபோது, கீழ்ப் படிவங்களில் வாணிபம் தனிப்பாடமாக இல்லாமல் வாழ்வியல் திறனுக்குள் அடங்கியது. 2017-இல் தொடங்கிய கலைத்திட்டத்தில் வாழ்வியல் திறனும் போய், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் வந்தது. ஆயினும் 2019 முதல் படிவம் மூன்று கணிதத்தில் சேமிப்பு, முதலீடு, கடன் ஆகியவை ஓர் அத்தியாயமாயின. கூட்டு வட்டியை இன்று எந்த மாணவரும் பதினைந்து வயதில் கணக்கிட்டுப் பார்க்கிறார். கிட்டங்கிச் சுவருக்குள் இருந்த கணக்குதான் அது.

2020-இல் படிவம் நான்கில் அறிவியல், கலை என்ற பழைய பிரிவினை எடுக்கப்பட்டது. இயற்பியலோடு கணக்கியலையும் சேர்த்து எடுக்கலாம் என்கிறது விதி. அந்தப் பாடத்துக்கு ஆசிரியரும், வகுப்பு நடத்தப் போதிய மாணவரும் பள்ளியில் இருக்க வேண்டும். இல்லாத பள்ளியில் கால அட்டவணைதான் முடிவு செய்கிறது. படிவம் மூன்று முடியும் முன்பே பெற்றோர் பள்ளிக்குப் போய்க் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.