ஒரு வெள்ளிக் கிளினிக்கும் வாசல் தேடி வரும் மருந்தும்

மலேசிய அரசு கிளினிக்கில் குடிமக்கள் மருத்துவரைப் பார்க்க ஒரு வெள்ளி (ரிங்கிட்) போதும். மருந்தும் அதற்குள் அடக்கம். வைத்தியச் செலவுக்காகத் தாலியை அடகு வைக்க நேரும் நாடுகள் இருக்கும் உலகில் இது பெரிய சாதனை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பணத்தடை நீங்கிய பிறகும் லூமுட் வட்டாரத்தில் இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மாத்திரை எடுக்காமலே கால் விரலை இழப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால், வேறொரு தடை நிற்கிறது என்று பொருள். அது எது என்று அறிய, தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உதவும்.

லூமுட் என்றதும் கடற்படைத் தளமும் பங்கோர் படகுத்துறையும் நினைவுக்கு வரும். அது இருக்கும் மஞ்சோங் மாவட்டத்தின் உட்பகுதியோ தோட்டப் பூமி. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி விற்கப்பட்டபோது, லயன் வீடுகளைக் காலி செய்த தமிழ்க் குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களில் மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. தோட்டத்தில் காய்ச்சல் என்றால் தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெசரிடம் போவார்கள். தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று காலனிய காலத்திலிருந்தே சட்டம் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. அந்த ஏற்பாட்டைப் புகழ முடியாது. டாக்டர் எப்போதாவதுதான் வருவார். உடம்பு முடியவில்லை என்பதற்கும் டிரெசர் எழுதித் தரும் சீட்டுத்தான் சாட்சி. ஆனாலும் மருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. குறிப்பிட்ட ஆள் நாலு நாளாக வேலைக்கு இறங்கவில்லை என்பது டிரெசரின் காதுக்கு எட்டும்.

1950களில் தொடங்கிய கிராமச் சுகாதாரச் சேவை கம்பங்களில் (கிராமங்களில்) தாய்சேய் நல நிலையங்களைக் கட்டியது. தோட்டம் தனியார் நிலமாக இருந்ததால் அந்தச் சேவை பெரும்பாலும் வேலிக்கு வெளியிலேயே நின்றது. பட்டணத்துக்கு வந்தவர்கள் டிரெசரையும் இழந்தார்கள். கம்பத்து நர்ஸும் அவர்களைத் தேடி வரவில்லை.

இன்று அவர்களுக்கு ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனையும் அரசு சுகாதாரக் கிளினிக்குகளும் உண்டு. பெரிய சிகிச்சை என்றால் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. இங்கே ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் நாளுக்குச் சுமார் 65 வெள்ளி. ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள், மருத்துவரைப் பார்க்க இன்னொரு நாள் என்று தினக்கூலிக்காரர் ஒருவர் விடுப்பு எடுத்தால் போவது 130 வெள்ளி. பேருந்து அருகிப்போன ஊரில் கிராப் வாடகைக் காருக்குக் கொடுப்பது தனி. அடையாள ஆவணம் இல்லாதவர் என்றால் வெளிநாட்டவருக்கான கட்டணம் வேறு. ஒரு வெள்ளிச் சிகிச்சையின் உண்மையான விலை இதுதான்.

இந்த விலையைத் தர முடியாமல் போவோரில் நம்மவர் அதிகம் இருப்பார்கள் என்று அஞ்சக் காரணம் இருக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மலேசிய இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு.

தமிழ்நாடும் இதே நோயைத்தான் எதிர்கொண்டது. அங்கும் அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். அப்படியிருந்தும் 2020ஆம் ஆண்டின் மாநில ஆய்வு, ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருப்பதாகக் காட்டியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நோயாளியை வரச் சொல்வதை விட்டுவிட்டு மருந்தை அவர் வீட்டுக்கு அனுப்பியது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவருக்கு இயன்முறைச் சிகிச்சையாளரும் செவிலியரும் வருகிறார்கள். அடுத்த ஆய்வில், 2023-24இல், கட்டுப்பாட்டு விகிதம் ரத்த அழுத்தத்தில் 17 ஆகவும் நீரிழிவில் 16.7 ஆகவும் உயர்ந்தது. முன்னேற்றம்தான். ஆனால் நூற்றில் எண்பதுக்கு மேற்பட்டோருக்கு நோய் இன்னும் அடங்கவில்லை என்பதையும் அந்த எண்களே சொல்கின்றன. மாத்திரையைக் கொண்டு போவது ஒன்று. அளவு போதாதபோது மருத்துவர் மாற்றி எழுதுவது இன்னொன்று. அந்த இரண்டாவதில் மலேசியா வலுவாக நிற்கிறது. குடும்ப மருத்துவ நிபுணர்கள் பணிபுரியும் சுகாதாரக் கிளினிக்குகளும், பயிற்சி பெற்ற உதவி மருத்துவ அதிகாரிகளும், சீரான ரத்தப் பரிசோதனையும் அதன் பலம்.

தூரத்தையும் நேரத்தையும் பற்றி மலேசிய அரசு யோசிக்காமலும் இல்லை. 2010இல் பட்டணத்து ஏழைகளுக்காகத் திறந்த ‘கிளினிக் 1மலேசியா’ இரவு பத்து மணி வரை இயங்கியது. தொடர் மருந்தை அஞ்சலில் பெறலாம். வேறொரு கிளினிக்கிலும் வாங்கிக்கொள்ளலாம். 2013இல் வந்த ‘கோஸ்பென்’ தன்னார்வலர்கள் குடியிருப்புகளில் அழுத்தமும் சர்க்கரையும் அளக்கிறார்கள். 2019இல் தொடங்கிய ‘பெக்கா பி40’ நாற்பது வயதைத் தாண்டிய ஏழைகளுக்கு இலவசப் பரிசோதனை தருகிறது. துண்டுகள் எல்லாம் இருக்கின்றன. ஒரே கையில் இல்லை என்பதுதான் குறை. பெக்கா பற்றி ஒருவர் கேள்விப்பட்டு, கிளினிக்குக்குப் போனால்தான் பரிசோதனை. அஞ்சல் மாத்திரையைக் கொண்டுவரும். அது உறையிலேயே கிடக்கிறதா என்று பார்க்காது.

சாமனப்பள்ளியிலிருந்து மஞ்சோங் எடுத்துக்கொள்ள வேண்டியது வீடு தேடி வரும் அந்த ஆளைத்தான். அதே அடுக்குமாடியில் குடியிருந்து, தமிழும் மலாயும் பேசி, யார் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்று அறிந்து, அன்றே கிளினிக் நர்ஸுக்குத் தகவல் சொல்லும் ஒரு பெண். ஒரு விஷயத்தில் மட்டும் தமிழ்நாட்டைப் பின்பற்ற வேண்டாம். அங்கே இந்தப் பெண்களுக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. அதை உயர்த்தக் கேட்டு அவர்கள் போராட வேண்டியிருக்கிறது. இங்கே அந்தப் பெண்ணைக் கிளினிக்கின் ஊழியராகவே சேர்த்து, முதல் மாதத்திலிருந்தே 1,700 வெள்ளிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும்.