மிரண்டவரா, மிரட்டியவரா?

"மிரட்டுனான், ஆனா நான் பயப்படல." இப்படிச் சொல்லிவிட்டு, போலீஸ் ரிப்போர்ட் போடாமலே இருந்துவிடுகிற நம்மவர்களைப் பினாங்கில் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தயக்கத்தில் ஒரு பங்கு சொல்லிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். மாடு மிரளும், மிரளச் செய்வது மிரட்டுவது. இலங்கையில் புழங்கும் 'வெருட்டு' என்பதும் 'வெருள்' வழி வந்ததுதான். இரண்டிலும் வேர் பயந்தவரிடம் இருக்கிறது.

ஆங்கிலத்தின் 'திரெட்டன்' வேறு மாதிரி. அதன் பழைய மூலச்சொல்லுக்குக் கூட்டம், படை என்றும் பொருள் உண்டு. அது நெருக்குகிறவர் பக்கத்துச் சொல். 1867 ஆகஸ்டில் கீ ஹின், தோ பே கோங் என்ற ரகசியச் சங்கங்கள் பத்து நாள் மோதியபோது, ஜார்ஜ் டவுன் அந்தப் பொருளைத் தெருவிலேயே பார்த்தது. வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்று மலாய், இந்திய முஸ்லிம்களும் இருபுறமும் சேர்ந்தார்கள்.

1871இல் இங்கே இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்துக்கு இந்தியாவின் 1860 சட்டமே மாதிரி. பிரிவு 503இன்படி, உடம்புக்கோ பெயருக்கோ சொத்துக்கோ கேடு செய்வேன் என்று, கலங்கடிக்கும் நோக்கத்தோடு சொன்னாலே குற்றம். இந்தியாவில் 2024இல் அந்த எண் 351 ஆகிவிட்டது. மலேசியாவில் இன்னும் 503தான்.

சட்டம் பார்க்கிறது மிரட்டினவனோட நோக்கத்தை. பயப்படாதவங்களும் தாராளமா ரிப்போர்ட் போடலாம்.