உரிமம் கேட்காத துப்பாக்கி பிறந்த கதை

திருச்சிக்குத் துப்பாக்கி புதிதல்ல. 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை இந்த ஊரின் அடையாளங்களில் ஒன்று. அங்கே செய்வதில் பெரும்பகுதி ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் போகிறது. உரிமம் இல்லாமல் நம் கைக்கு எட்டுவது ஏர் கன் மட்டும்தான். தில்லை நகரில் ஒரு வீட்டுப் பரண்மேல், பழைய பெட்ஷீட்டில் சுற்றி ஒன்று கிடந்தால் யாரும் திடுக்கிட மாட்டார்கள். "இதுக்குத்தான் லைசென்ஸ் வேண்டாமே" என்பார்கள். அந்த ஒரு வரிக்குள் இருக்கும் ஆபத்தைச் சொல்லத்தான் இந்தக் கதை.

பொம்மை மாதிரி நாம் நினைக்கும் இது, ஒருகாலத்தில் போர்க்களத்தில் நின்ற ஆயுதம். காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி ஐரோப்பாவில் 16-ம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆனால் அதைப் படைக்கு ஏற்றதாக்கியவர் ஜிரார்டோனி என்ற கைவினைஞர். 1780 வாக்கில் ஆஸ்திரியப் படை அவருடைய துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. மற்ற வீரர்கள் ஒவ்வொரு முறையும் மருந்து இடித்துக்கொண்டிருந்த காலத்தில், இது சுமார் 20 குண்டுகளை மடமடவென்று சுட்டது. புகை இல்லை, மழையில் நனைந்து கெட மருந்தும் இல்லை. ஆனால் கட்டையில் இருந்த காற்றுக் கலத்தை நிரப்ப ஆயிரம் தடவைக்கு மேல் பம்ப் அடிக்க வேண்டும். தோல் வாஷர் காய்ந்தால் காற்று நிற்காது. போர்க்களத்தில் இந்தப் பக்குவத்துக்கெல்லாம் ஏது நேரம்? சில பத்தாண்டுகளில் படை அதைக் கைவிட்டது.

அடுத்த பிறவி அமெரிக்காவில். மிச்சிகன் மாநிலத்தின் பிளைமவுத் ஊரில், தண்ணீர் இறைக்கும் இரும்புக் காற்றாலைகளைச் செய்யும் ஒரு கம்பெனி இருந்தது. வியாபாரம் படுத்துக் கிடந்தது. 1880-களின் பிற்பகுதியில் கிளாரன்ஸ் ஹாமில்டன் என்பவர் தகரமும் கம்பியுமாய்ச் செய்த ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டினார். காற்றாலை வாங்கும் விவசாயிக்கு அதை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். காற்றாலையை விட்டுவிட்டுத் துப்பாக்கியை மட்டும் கேட்டு ஆள் வர ஆரம்பித்தது! 1895-ல் கம்பெனியின் பெயரே டெய்சி என்று மாறியது. துப்பாக்கி சிறுவர்கள் கைக்குப் போனது இப்படித்தான். 1890-ல் ஜெர்மனியின் ராஸ்டாட்டில் தொடங்கிய டயானா கம்பெனியும், 1905-ல் இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ.வும் ஸ்பிரிங் துப்பாக்கியை உலகமெங்கும் கொண்டு போயின.

இந்த ஸ்பிரிங் துப்பாக்கியின் பேரலை மடக்கும்போது உள்ளே ஒரு தடித்த ஸ்பிரிங் சுருங்கிக் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை அழுத்தினால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் காற்றை நெருக்குகிறது, அந்தக் காற்று பெல்லட்டைத் தூக்கி எறிகிறது. பெல்லட் இடை சிறுத்த ஈயத்துண்டு, அப்படியே ஒரு குட்டி உடுக்கை. பெல்லட் போடாமல் சுடக் கூடாது. பிஸ்டன் எதிர்த்து நிற்கக் காற்றில்லாமல் போய் இடிக்கும், வாஷரும் ஸ்பிரிங்கும் அடிபடும். தோல் வாஷருக்கு எப்போதாவது இரண்டு சொட்டு எண்ணெய் போதும். நிறைய ஊற்றினால் அழுத்தத்தின் சூட்டில் எண்ணெய் தீப்பிடித்துப் புகையும், வெடிச்சத்தமும் வரும். அதைத் துப்பாக்கியின் பலம் என்று நினைத்து மகிழ்கிறவர்கள் உண்டு. உண்மையில் அது துப்பாக்கிக்குக் கேடு.

இனி சட்டத்துக்கு வருவோம். 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் குழல் வாயில் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்போகாத ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. இது துப்பாக்கியை வைத்திருப்பதற்கான சலுகை மட்டுமே. எதைச் சுடலாம் என்பதைத் தீர்மானிப்பது வேறு சட்டம். 1972-ன் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வந்தபோது அதில் சிறு வேட்டைக்கென்று தனி உரிமமே இருந்தது. கவுதாரி, காடை, முயல் எல்லாம் அந்தக் கணக்கில் வந்தன. 1991 திருத்தம் வேட்டை உரிமங்களையே துடைத்தெறிந்தது. அன்றிலிருந்து உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் ஒரு கொக்கைச் சுட்டாலும் குற்றம்தான். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். சுட்ட துப்பாக்கி அரசுக்குச் சொந்தமாகிவிடும்.

சட்டத்தை விடுங்கள். 4.5 மில்லிமீட்டர் ஈயத்துண்டு பறவையை எப்போதும் உடனே கொன்றுவிடுவதில்லை. சிறகிலோ வயிற்றிலோ பாய்ந்தால், பறவை தப்பிப் பறந்து எங்கோ புதரில் நாள்கணக்கில் துடித்துச் சாகும். இதை வீரம் என்று என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது.

வேட்டையே வாழ்க்கையாக இருந்தவர்கள்கூட மாறியிருக்கிறார்கள். 2021 மார்ச்சில் அருணாசலப் பிரதேசத்தின் லும்டுங் கிராமத்தில் மக்கள் தாங்களாகவே 46 ஏர் கன்களை அரசிடம் ஒப்படைத்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

குறி பார்க்கும் ஆசை தப்பில்லை. 1984 முதல் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் ஒலிம்பிக் போட்டி. அதில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர், பெல்லட்டைவிடப் பல மடங்கு சிறியது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் உலகக் கோப்பைத் தங்கம் வென்றது இந்தத் துப்பாக்கியால்தான். நம் ஊர் கே.கே. நகரிலேயே ரைஃபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் மாநிலப் போட்டி அங்கே நடந்தபோது நடிகர் அஜித்குமாரும் வந்து சுட்டார்.

பரண்மேல் ஏர் கன் வைத்திருப்பவர்களே, அதைப் பூட்டி வையுங்கள். கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கும் பொருள் அது. மொட்டை மாடியில் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். அவனுக்கோ அவளுக்கோ உண்மையான ஆர்வம் இருந்தால் தில்லை நகரிலிருந்து கே.கே. நகர் தூரமில்லை, கூட்டிக்கொண்டு போங்கள்.