ரன் (ஆங்கிலச் சொல்)

ரன் என்பது ஓடுதலைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல். பெயர்ச்சொல்லாகவும் வழங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் (1989) 'செட்' என்ற வினைச்சொல்லே மிக நீண்ட பதிவு. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் 'ரன்' அதை முந்தியது. வினைச்சொல்லாக மட்டுமே இதற்கு 645 பொருள்கள் அங்கே பிரித்துக் காட்டப்பட்டுள்ளன.

தோற்றம்

ரன் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் பழஞ்சொல். இன்றைய ஜெர்மனில் இதற்கு இரண்டு உறவுச் சொற்கள் உண்டு: 'ரென்னன்' விரைந்து ஓடுவதையும், 'ரின்னன்' நீர் வழிந்தோடுவதையும் குறிக்கும். காலின் ஓட்டமும் நீரின் ஓட்டமும் இச்சொல்லில் தொடக்கம் முதலே கலந்திருக்கின்றன. தடைபடாமல் தொடர்ந்து செல்லுதல் என்ற கருத்தே பிற்காலப் பொருள்கள் பலவற்றுக்கும் அடிப்படை.

நீரும் நிலமும்

அமெரிக்காவின் சில பகுதிகளில் ரன் என்றால் சிற்றோடை. உள்நாட்டுப் போரின்போது 1861, 1862 ஆண்டுகளில் போர்கள் நடந்த வர்ஜீனியாவின் புல் ரன் அத்தகைய ஓர் ஓடை. முட்டையிடுவதற்காகச் சால்மன் மீன்கள் கூட்டமாக ஆற்றில் எதிர்நீச்சலிட்டு ஏறுவதும் ரன் எனப்படும். கோழிகள் உலவ வலையடித்து அடைத்த இடத்துக்கும் இதே பெயர்.

விளையாட்டு

கிரிக்கெட்டில் மட்டையாளர்கள் இருவரும் ஆடுகளத்தின் முனைகளை மாற்றிக்கொண்டால் ஓர் ஓட்டம். பந்து எல்லையைத் தொட்டாலோ தாண்டினாலோ ஓடாமலே 4 அல்லது 6 ஓட்டங்கள் கிடைக்கும். இங்கே ரன் ஒரு கணக்கு அலகாகவே மாறிவிடுகிறது. பேஸ்பாலில் ஒரு ரன் எடுக்க நான்கு தளங்களையும் சுற்றி முடிக்க வேண்டும்.

நிதி

வைப்பாளர்கள் பலர் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்ப எடுக்க விரைவது 'பேங்க் ரன்'. வங்கி தன்னிடம் வந்த பணத்தின் பெரும்பகுதியை நீண்டகாலக் கடனாகவும் முதலீடாகவும் வைத்திருக்கும். அதனால் அச்சம் பரவினால் நல்ல நிலையில் உள்ள வங்கியும் சாயக்கூடும். இதை 1983-இல் கோட்பாடாக விளக்கிய டக்ளஸ் டயமண்டும் பிலிப் டிப்விக்கும் 2022-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசை பென் பெர்னான்கியுடன் பகிர்ந்துகொண்டனர். 2023 மார்ச் 9 அன்று சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் சுமார் 4,200 கோடி டாலர் வெளியேறியது. மறுநாள் வங்கி மூடப்பட்டது.

கலையும் அச்சும்

ஒரு நாடகம் தொடர்ந்து மேடையேறும் காலம் அதன் ரன். லண்டனில் 1952-இல் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' இவ்வகையில் உலகப் புகழ்பெற்றது. 'படம் நூறு நாள் ஓடியது' என்னும்போது தமிழும் இதே வழியில் செல்கிறது. ஒரே தடவையில் அச்சிடப்படும் படிகளின் எண்ணிக்கை 'பிரிண்ட் ரன்'.

தமிழில்

தமிழின் 'ஓடு' பல இடங்களில் ரன்னோடு ஒத்துப்போகிறது: ஆறு ஓடும், வண்டி ஓடும், கடிகாரமும் ஓடும். மற்ற இடங்களில் தமிழ் வேறு வினைகளை நாடுகிறது. மூக்கு ஒழுகும், துணியில் சாயம் போகும், கணினி நிரலை இயக்குவோம். ஆங்கிலத்தில் 'ரன்' செய்யப்படும் கடையைத் தமிழர் நடத்துகிறார்கள். தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் 'ரன்' செய்ய, பிரிட்டிஷ் வேட்பாளர் நிற்கிறார். தமிழ் வேட்பாளரும் நிற்கவே செய்கிறார். ஆகவே இச்சொல்லை மொழிபெயர்ப்பவர் அந்த இடத்தில் நகர்வது எது, அதைத் தமிழர் எந்த வினையால் சொல்கிறார்கள் என்று பார்த்தே சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.